தொட்டியில் உறங்கும் கிழங்கு

கிழக்கேகோட்டையின் பழந்தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பன. தோட்டத்திற்கு நிலமின்மையால் திண்ணையோரத்திலும் மொட்டைமாடியிலும் தொட்டிகளில் செடி வளர்க்கிறோம். அவற்றுள் ஒன்றில் செங்காந்தள் இருக்குமாயின், ஆண்டுதோறும் தை மாதத்தில் ஓர் ஐயம் எழும். கொடி காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. வெறும் தொட்டியை வைத்திருப்பதா, கொட்டிவிடுவதா? ஐயம் சிறிதே. ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத உயிருக்கும் நாம் கடமைப்பட்டவரோ என்னும் பெருவினா அதனுள் அடங்கியுள்ளது.

காந்தள் நமக்குப் புதியதன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்பது செங்காந்தளே. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. மலையாளத்தார் மேந்தோன்னி என்பர். நம்மவர் கார்த்திகைப்பூ என்றும் கண்வலிக்கிழங்கு என்றும் வழங்குவர். மழையில் முளைத்து, இலைநுனிச் சுருளால் பற்றிப் படர்ந்து, பூத்து முடிந்ததும் மேற்புறம் முழுதும் மடிந்துவிடும். மண்ணுக்குள் நிகழ்வதோ வேறு. பழைய கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் கொடிக்கு ஈந்து சுருங்க, அதனிடத்தில் கலப்பை வடிவில் புதுக்கிழங்கு உருவாகியிருக்கும். வருங்காலக் கொடி அதன் நுனிமுளையில் உறங்குகிறது.

உறங்குங்கால் அதற்கு வேண்டுவது ஈரமன்று, உலர்ந்த மண்ணே. அன்பு மிகுந்து நாள்தோறும் நீரூற்றுவோர் கிழங்கை அழுகச் செய்கின்றனர். பொறுமையிழந்தோர் மண்ணோடு அதனைக் கொட்டிவிடுகின்றனர். இருவர் பிழையும் ஒன்றே: காணாததை நம்பாமை.

கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய நம் உறவினர் இவ்வினாவைக் குளிர்காலத்தில் எதிர்கொள்கின்றனர். இலையுதிர்காலத்தில் நட்ட துலிப் கிழங்கு, ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் குளிரில் கிடந்த பின்னரே வசந்தத்தில் தண்டு நீண்டு மலரும். எனவே குளிர் அதற்குப் பகையன்று. ஆயினும் தரையில் நட்டதற்குப் பூமியே போர்வையாகும். தொட்டியில் நட்டதையோ உறைபனி நாற்புறமும் தாக்கும். ஆதலின் அவர்கள் தொட்டியைச் சுவரோரம் ஒதுக்கிச் சாக்கினால் சுற்றுவர்; கொட்டகைக்குள் வைப்பர்; சிலர் தொட்டியோடு மண்ணில் புதைப்பர்.

இதில் ஓர் அறம் புலனாகிறது. நிலத்தில் வாழவேண்டியதைத் தொட்டியில் வைத்தவர், நிலம் செய்துவந்த காவலைத் தாமே ஏற்றல் வேண்டும். புலம்பெயர்ந்த குடும்பங்களாகிய நமக்கு இது தோட்டக்கலை மட்டும் அன்று. சாலைக் கடைத்தெருவுக்கு வணிகத்தின்பொருட்டு வந்தோரும், அலுவல் தேடி வந்தோரும் தம் தமிழைத் தொட்டியில் ஏந்தியே வந்தனர். ஊரில் தெருவும் திருவிழாவும் தாமாகவே கற்பித்த மொழியை, இங்கே வீடு ஒன்றே காக்கவேண்டியிருக்கிறது. பிள்ளை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ விடையிறுக்கும்போது, சிலர் ஓயாமல் கடிந்து வெறுப்பை வளர்க்கின்றனர். சிலர் "இவனுக்குத் தமிழ் வராது" என்று கைவிடுகின்றனர். நாமும் இவ்விரண்டையும் செய்தவர்களே.

அங்ஙனமாயின் வாளா இருப்பதுதான் கடமையோ எனின், அன்று. காத்திருத்தல் வேறு, சோம்பியிருத்தல் வேறு. காத்திருப்பவர் தொட்டியை மழை படாத இறவாரத்தில் வைப்பர். எலி அணுகாமல் பார்ப்பர். இடையே மண்ணை விலக்கிக் கிழங்கு கெட்டியாக உள்ளதா எனத் தொட்டறிவர். நஞ்சுடைய கிழங்காதலின் கை கழுவிக்கொள்வர். வீட்டில் நாம் தமிழிலேயே பேசுதலும், பாட்டி கதை சொல்லுதலும், எட்டும் இடத்தில் நூல்கள் இருத்தலும் இத்தகைய காவலே. பிள்ளை விடை கூறாவிடினும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

எல்லாக் கிழங்கும் முளைக்கும் என்று உறுதி கூறுவாரில்லை. சில மண்ணுக்குள்ளேயே மாய்ந்துபோகும். ஆயினும் முளைக்குமென அறிந்தபின்தான் காப்போம் எனின், எதனையும் காக்க இயலாது. வைகாசியில் பருவமழை இறங்கும்போது தொட்டியை மீண்டும் மாடிக்கு எடுத்துச் செல்வோம். அதுவரை, அதில் ஒன்றுமில்லை என்று எவரும் கொட்டிவிடாதபடி பார்த்துக்கொள்வோம்.