மணமில்லாத சிக்கனம்

சமையலறையில் ‘கேஸ் வாடை அடிக்கிறதே’ என்று யாராவது குரல் கொடுத்தால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறக்க ஓடுகிறோம். அந்த வாடை எரிவாயுவின் பிறவிக் குணம் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். உண்மையில் கசிவை மூக்கு கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு அதில் கலந்து அனுப்புகிறார்கள். அந்த வழக்கம் சட்டமாகிப் பரவியதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த நியூ லண்டன் என்ற சிற்றூரில், பொருளாதார மந்தம் நாட்டையே வாட்டிய காலத்திலும் பள்ளி நிர்வாகத்திடம் பணம் இருந்தது. இருந்தும், கொதிகலன் வைத்துக் கட்டடத்தைச் சூடாக்கும் திட்டத்தை ஒதுக்கிவிட்டு, அறை அறையாக 72 எரிவாயு வெப்பமூட்டிகளைப் பொருத்தினார்கள். 1937 தொடக்கத்தில், மாதம் ஏறத்தாழ 300 டாலர் மிச்சமாகும் என்று கணக்கிட்டு, காசு கொடுத்து வாங்கிய வாயுவை நிறுத்தி, எண்ணெய் நிறுவனம் ஒன்றின் கழிவு வாயுக் குழாயிலிருந்து இணைப்பு எடுத்துக்கொண்டார்கள். அப்பகுதியில் வீடுகளும் தேவாலயங்களும் அப்படித்தான் செய்துவந்தன. எப்படியும் எரித்துக் கழிக்கப்போகிற வாயு. அனுமதி தந்தவர் எவருமில்லை, அழுத்தமாகத் தடுத்தவரும் இல்லை.

அந்த வாயுவுக்கு வாடை இல்லை. இணைப்பில் கசிந்தது தரைக்கடியிலிருந்த பெரிய வெற்றிடத்தில் சேர்ந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் தலைவலி என்றார்கள். அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. மார்ச் 18 அன்று, வகுப்புகள் முடியச் சிறிது நேரமே இருந்தபோது, பட்டறை வகுப்பில் மரம் தேய்க்கும் மின் இயந்திரம் ஒன்று இயக்கப்பட, அதன் பொறியில் கட்டடம் முழுவதும் வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எண்ணெயும் எரிவாயுவும்தான் இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த பெரும் பேறு என்ற பொருளில் எழுதப்பட்ட கரும்பலகை ஒன்று இடிபாட்டில் கிடைத்ததாம். பிறகு தொடுக்கப்பட்ட வழக்கில் எவரும் பொறுப்பாளியாகவில்லை. வாயுவில் வாடை சேர்க்கும் சட்டம் மட்டும் சில வாரங்களில் வந்துவிட்டது.

இதையெல்லாம் தொலைதூரத்துக் கதையாகக் கேட்டுக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறதா என்பது ஐயமே. சமையல் மேடைக்குப் பளபளக்கும் கிரானைட் போடுகிற நாம், அதன் கீழே ஓடும் கேஸ் டியூபில் அச்சிட்ட காலாவதி ஆண்டைக் குனிந்து பார்ப்பதில்லை. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசரை மாட்டிவிட்டு, குளிர் வருகிறதென்று இருக்கிற சிறு ஜன்னலையும் அடைக்கிறோம். அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு எந்த வாடையும் கிடையாது, அதில் வாடை கலந்து அனுப்பவும் ஆளில்லை. இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். புதுக் குழாயில் காற்றை அடைத்து, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று காத்திருக்க அதைவிடச் சற்று அதிகமாகும். அதைச் செய்யும் தொழிலாளியைத்தான் ‘இன்னும் முடியலையா’ என்று அவசரப்படுத்துகிறோம்.

கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தாராளம், சுவருக்குள் சிக்கனம் என்பது நம் வீடு கட்டும் முறை மட்டும்தானா என்று தெரியவில்லை. சிக்கனத்தின் லாபம் ஒருவர் கணக்கில் ஏறுகிறது. அதன் நட்டம் பெரும்பாலும் அந்தக் கணக்கையே அறியாத ஒருவர் மேல் விழுகிறது. மாதம் 300 டாலர் மிச்சமானதை அந்த வகுப்பறைகளில் இருந்த எந்தப் பிள்ளையிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.