பிறப்பும் பழியும்: குறவர், எருகுலர் வரலாற்றை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

செய்யாத செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாளியாக்குதல் அறமாகாது என்பது எல்லாரும் உடன்படும் கருத்தாகும். எனினும், ஒரு குடியில் பிறந்தமையாலேயே ஒருவரைக் குற்றவாளியாகக் கொள்ளும் வழக்கம் இந்திய மண்ணில் சட்டமாகவே நிலவியது. அச்சட்டம் நீங்கியது, பழி நீங்கவில்லை. பழி சுமத்தப்பட்டோர் அதனை மறுப்பது தனித்து நின்றா, கூடி நின்றா என்னும் வினாவினை, சித்தூர், திருப்பதிப் பகுதியோடு தொடர்புடைய குறவர், எருகுலர் வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பெயரும் பெருமையும்

தமிழில் குறவர் எனப்படுவோரோடு உறவுடைய குடியினர் தெலுங்கு வழங்கும் பகுதிகளில் எருகுலர் எனப்படுகின்றனர். அவர்தம் வீட்டுமொழி தமிழோடு நெருங்கிய உறவுடையது. 'எருக' என்னும் தெலுங்குச் சொல் அறிவினையும் குறி கூறுதலையும் சுட்டும். அதனின்றே இக்குடிப்பெயர் தோன்றியது என்பர். குறவஞ்சி இலக்கியங்களில் குறத்தி தன் மலைவளத்தையும் குலச் சிறப்பையும் பெருமிதத்துடன் எடுத்துரைக்கின்றாள். வேங்கடத்துத் திருமணக் கதை மரபில், சீனிவாசன் குறி சொல்லும் பெண்ணாக வேடம் புனைந்து நாராயணவனத்து அரண்மனைக்குச் செல்கின்றான். இறைவனே விரும்பி ஏற்ற கோலமாக ஒரு மரபு போற்றியதைப் பிற்காலச் சட்டம் ஐயத்திற்குரிய கோலமாக்கியது என்பது நோக்கத்தக்கது.

சட்டம் இட்ட பெயர்

1871ஆம் ஆண்டில் வடஇந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. சித்தூர் மாவட்டம் உருவானதும் அதே ஆண்டிலாகும். இச்சட்டத்தின்படி அரசு ஒரு குழுவினர் முழுவதையும் குற்றக் குடியினராக அறிவிக்கலாம், அவர்களைப் பதிவேட்டில் ஏற்றலாம், கைரேகை பெறலாம், குறித்த வேளைகளில் காவல் நிலையத்தில் வந்து நிற்கச் செய்யலாம்.

சென்னை மாகாணத்துக் குறவருள் பலர் கடற்கரை உப்பையும் உள்நாட்டுத் தானியத்தையும் பொதிமாடுகளில் ஏற்றி விற்று வாழ்ந்தவர்கள். இருப்புப்பாதையின் வருகையும் அரசின் உப்புக் கொள்கையும் அவ்வணிகத்தை நலிவுறச் செய்தன. வணிகம் இருந்தவரை அவர்தம் பயணம் தொழிலாகக் கருதப்பட்டது. வணிகம் அழிந்தபின் அதே பயணம் குற்றத்தின் அடையாளமாயிற்று. மாறியது அவர்தம் இயல்பன்று, காண்பவர் பார்வையே எனலாம்.

சட்ட நீக்கமும் பழியின் நிலைபேறும்

சென்னை மாகாணம் 1947ஆம் ஆண்டில் இச்சட்டத்தை நீக்கியது. நாடு தழுவிய நிலையில் இதனை ஆராய 1949ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குழுவிற்குத் தலைமை தாங்கியவர் அனந்தசயனம் அய்யங்கார். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்த இவர், 1952இல் திருப்பதியிலிருந்தும் 1957இல் சித்தூரிலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவைத்தலைவராகவும் விளங்கியவர். இக்குழுவின் பரிந்துரையை அடுத்து 1952 ஆகஸ்டு 31 அன்று சட்டம் முற்றிலும் நீக்கப்பட்டது.

ஆயினும் அதன் இடத்தில் மாநிலங்கள்தோறும் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் நின்றன. இவை பிறப்பை நோக்காது செயலையே நோக்குவன என்பது கொள்கை. நடைமுறையில் பழைய ஐயம் பழைய குடிகளையே தொடர்ந்தது. சீர்மரபினரைப் பிறப்பு நோக்கிக் குற்ற இயல்பினராகக் கருதும் சிறை விதிகள் செல்லா என 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. சட்ட நீக்கத்திற்கும் இத்தீர்ப்பிற்கும் இடையில் 72 ஆண்டுகள் கழிந்துள்ளன.

தனிமனிதச் சான்றின் போதாமை

பழி சுமந்த குடியினர் ஒருவர் நேர்மையாக வாழ்ந்து காட்டினால் பழி தானே அகலும் எனக் கூறுவோர் உளர். இக்கூற்று ஆராய்தற்குரியது. அவர் தவறு செய்தால் அது குடியின் இயல்பு எனப்படுகின்றது. நன்மை செய்தால் 'அவர் மட்டும் வேறு' எனப்படுகின்றது. தீமை பொதுவிதிக்குச் சான்றாகவும் நன்மை விதிவிலக்காகவும் எண்ணப்படும் இடத்தில், எத்தனை நல்லவர் தோன்றினும் பழி அசையாது. மேலும், குற்றமற்றவர் தம் குற்றமின்மையை நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டும் என எதிர்பார்ப்பதே ஓர் அநீதியாகும்.

கூடி மறுத்தல்

எனவே, கூட்டாகச் சுமத்தப்பட்ட பழியைக் கூட்டாகவே மறுக்க வேண்டியுள்ளது. 1998இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் புதன் சபர் காவலில் இறந்தபோது, மகாசுவேதா தேவி, கணேஷ் தேவி, லட்சுமண் கெய்க்வாட் ஆகியோர் சீர்மரபினர் உரிமைக்கான அமைப்பைத் தோற்றுவித்தனர். அகமதாபாத்தின் சாரா குடி இளைஞர்கள் அவ்விறப்பையே நாடகமாக்கிப் புதன் நாடகக் குழுவாயினர். தொலைவில் வாழும், மொழியும் வேறான ஒரு குடியினரின் துயரில் அவர்கள் தம் துயரைக் கண்டனர். தாமே தம்மைப் பற்றிப் பேசியதே அம்மறுப்பின் வலிமையாகும். ஆகஸ்டு 31ஆம் நாளைச் சீர்மரபினர் விடுதலை நாளாகக் கொண்டாடுவதும் இத்தகையதே.

குடியாகக் கூடுவது, சட்டம் வகுத்த அதே வேலிக்குள் மீண்டும் புகுவதாகாதா என வினவலாம். இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் தீர்ப்பிடுவதற்காகப் பிறர் அடைத்த கூட்டம் வேறு. சான்று பகர்வதற்காகத் தாமே கூடிய கூட்டம் வேறு. முன்னையது தனிமனிதரை மறைக்கின்றது. பின்னையது, ஒவ்வொருவரும் தத்தம் செயலால் மட்டுமே மதிக்கப்படும் நிலையை வேண்டுகின்றது. அந்நிலை எய்தியபின் அக்கூட்டம் தேவையற்றுப் போகலாம். அதுவரை அது தேவையே.

முடிவுரை

பழியை மறுக்கும் கடமை பழிக்கப்பட்டோர்க்கு மட்டும் உரியதன்று. அதனைப் பரப்பியோர்க்கும் கேட்டு வாளாவிருந்தோர்க்கும் மிகுதியும் உரியது. தமிழாய்வாளர் இதற்கு விலக்கல்லர். குறவஞ்சியின் குறத்தியைச் சுவைக்காகப் போற்றிவிட்டு, அக்குடியினரின் வரலாற்றைச் சொல்லாது விடுதல் அரைகுறைப் படிப்பாகும். அப்பாடம் நடைபெறும் வகுப்பறையில் அக்குடியில் பிறந்த மாணவர் ஒருவரும் அமர்ந்திருக்கலாம். தம் முன்னோர் உப்பு வணிகராகவும் குறி கூறும் அறிவினராகவும் வாழ்ந்தனர் என்பதை அவர் அங்கே முதன்முறையாகக் கேட்பாராயின், அதுவும் பழி நீக்கும் பணியே ஆகும்.