முகம் யாருக்கு உரியது?

மனிதன் தன் கையைக் காணலாம், காலைக் காணலாம், தன் முகத்தை மட்டும் நேரே காண இயலாது. முதுகையும் காண இயலாதுதான். ஆனால் அதைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை. முகத்தைக் காண வேண்டுமாயின் கண்ணாடி வேண்டும். அல்லது பிறருடைய கண் வேண்டும். பிறந்தது முதல் இறக்கும் வரை நாம் சுமக்கின்ற ஒன்று, நம்மைக் காட்டிலும் பிறர்க்கே மிகுதியாகக் காட்சி தருகிறது. அவ்வாறாயின் அம்முகம் யாருக்கு உரியது? சுமப்பவருக்கா, காண்பவருக்கா?

ஏட்டுச் சுவடிக்கு உரியது போலத் தோன்றும் இவ்வினா, இன்று நம் வீட்டுக் கூடத்திலேயே எழுந்து நிற்கிறது. வேலைக்குச் சென்று கைநிறையப் பொருள் ஈட்டும் நம் பிள்ளைகளுள் சிலர், தென்கொரியாவின் சியோல் நகருக்குச் சென்று தாடை எலும்பையும் மோவாயையும் செதுக்கிக்கொண்டு வரலாமா என்று எண்ணத் தலைப்பட்டுள்ளனர். அந்நகரின் கங்னம் பகுதியில் முகத்தை மாற்றி அமைக்கும் மருத்துவ மனைகள் தெருத் தெருவாக நிற்கின்றன. அகன்ற தாடையைக் குறுக்கி, முகத்தைக் கீழ்நோக்கிக் கூராக்குவது அவர்கள் கைதேர்ந்த கலை.

கலை என்று சொல்லிவிட்டேன். அது என்ன வேலை என்பதையும் சொல்லியாக வேண்டும். நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, வாயின் உட்புறத்தில் கீறி, எலும்பை வெளிக்கொணர்ந்து, சிறு வாளால் அறுக்கின்றனர். மோவாய் எலும்பை வெட்டி நகர்த்தினால் அதனை உலோகத் தகட்டாலும் திருகாணியாலும் பிணைக்கின்றனர். கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஒரு குழாய் ஓடுகிறது. கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியே செல்கிறது. அந்நரம்பு ஊறுபட்டால் உதடு மரத்துப் போகும். பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்குத் திரும்பாமலே போவதும் உண்டு.

இத்தகைய அறுவை இன்பத்திற்காகப் பிறந்ததன்று. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டு முகத்தைச் சிதைத்த வீரர்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் எழுந்த மருத்துவமனையில் ஹரால்டு கில்லீஸ் என்பவர் முகங்களை மீட்டுத் தந்தார். ஆஸ்திரியாவில் பிறந்து சூரிக் நகரில் பணியாற்றிய ஒப்வெகேசர், கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை 1957இல் வெளியிட்டார். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல் உண்ணவும் பேசவும் இயலாது துன்புற்றோர்க்கு அது வாழ்வளித்தது. அவற்றிற்கெல்லாம் முன்னோடியாக, அறுபட்ட மூக்கை நெற்றித் தோலால் அமைக்கும் வித்தை நம் நாட்டில் வழங்கி வந்தது. 1794இல் இலண்டன் இதழொன்று அதனை வெளியிட, ஆங்கில மருத்துவர் வியந்து கற்றனர். ஆகவே, 'முகத்தில் கத்தி வைப்பது மேனாட்டார் பைத்தியம்' என்று கூறித் தள்ளிவிடுதல் முறையாகாது.

'இறைவன் கொடுத்த உடல்; அதனை மாற்றலாமா?' என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வியே, ஆனால் நம் வழக்கம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. பிறந்த குழந்தைக்குக் காது குத்துகிறோம். பாம்படம் அணிவதற்காகக் காதைத் தோள்வரை வளர்த்த பாட்டிமார் நம்மிடையே வாழ்ந்தனர். கையில் பச்சை குத்திக்கொண்டோம். திருமலைக்கு நாள்தோறும் வருகின்றவர்களுள் எத்தனையோ பேர் தலைமுடியைக் களைந்து தருகின்றனர். தேவஸ்தானம் ஏலத்தில் விடும் அம்முடி கடல்கடந்து சென்று, எவரோ ஒருவருக்குப் பொய்முடியாகிறது. ஒருவர் துறந்த அழகை மற்றொருவர் அணிகின்றார். இவ்வளவு செய்யும் நாம், உடலைத் தொடலாகாது என்று இளைஞரிடம் மட்டும் கூறினால் அவர்கள் நகையாரோ?

'முகம் புறத்தோற்றமே, அகமே பெரிது' என்பது அடுத்த விடை. இதனையும் உரசிப் பார்க்க வேண்டும். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வேலூர் வந்துவிடும். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணிபுரிந்த மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தது, ஆனால் நோய் நீங்கிய பின்னும், அமுங்கிய மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் கண்டு ஊர் அவர்களை ஒதுக்கிற்று. எனவே மூக்கை நிமிர்த்தவும், தலைத் தோலிலிருந்து புருவம் அமைக்கவும் வேண்டியதாயிற்று. குற்றம் ஊருடையது, துன்பமோ அவர்களுடையது. ஊர் திருந்தும் வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்வது அறமா? அம்மருத்துவர் காத்திருக்கச் சொல்லவில்லை. 'அகமே பெரிது' என்பது மெய்தான். ஆயினும் முகத்தால் துன்புறாதவன் முகத்தால் துன்புறுபவனுக்கு அதனைப் போதிக்கும்போது அம்மெய் பாதியாகத் தேய்ந்துவிடுகிறது.

என் அலுவலக நண்பர் ஒருவரின் மகள் பெங்களூரில் பணிபுரிகிறாள். தந்தைவழிப் பாட்டியின் அகன்ற தாடை அவளுக்கு வந்திருக்கிறது. சியோலுக்குச் செல்ல எண்ணித் தன் ஊதியத்தில் பணம் சேர்த்து வருகிறாள் என்று அறிந்த நண்பர், "நீங்களாவது சொல்லுங்கள்" என்று என்னை வேண்டினார். நானும் முகத்தைவிடக் குணமே சிறந்தது என்னும் பொருளில் இரண்டு வார்த்தை கூறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, பள்ளியில் என்னைப் 'பெட்டி' என்றார்கள். பெண்பார்க்க வந்த மூன்று வீட்டாரும் ஆண்முகம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம் உறவினர் கல்யாணத்திற்குக் கல்யாணம் அதையே சொல்லுகிறார்கள். நாள்தோறும் என் முகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நீங்கள். நான் அதை மாற்றப் போகிறேன் என்றதும், முகம் முக்கியமில்லை என்கிறீர்களே?" என்றாள். இதற்கு மறுமொழி எளிதன்று. முகத்தைச் சுமப்பவள் அவள். அதற்கு விலை வைத்தவர்கள் நாம். விலை வைத்தவர்களே சந்தைக்குப் போகாதே என்று தடுக்கிறோம்.

ஆயினும், வேலூரில் புருவம் பெற்றவருக்கும் இப்பெண்ணுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அவர் நோய் பறித்ததைத் திரும்பப் பெற்றார்; இவளிடம் எதுவும் பறிபோகவில்லை. அவருடைய புருவத்தால் மற்றொருவர் முகம் மதிப்பிழக்கவில்லை. தாடையின் கதை அப்படியன்று. ஒரு தெருவில் பத்துப் பெண்கள் தாடையைக் குறுக்கிக்கொண்டால், பதினோராம் பெண்ணின் இயல்பான தாடை குறையாகிவிடும். அளவுகோல் குறுகிக்கொண்டே செல்லும். வேலைக்கான விண்ணப்பத்தில் நிழற்படம் ஒட்டும் வழக்கம் வேரூன்றிய கொரியாவில், 2017இல் அரசு தன் பொது நிறுவனங்களின் பணித்தேர்வில் நிழற்படத்தை நீக்குமாறு செய்தது. முகம் பார்த்துக் கூலி கொடுக்கும் நிலை அந்த அளவிற்கு முற்றியிருந்தது.

இனி உயிரைப் பற்றிய பேச்சு. 2016இல் சியோல் நகரில் தாடை அறுவை செய்துகொண்ட கல்லூரி மாணவர் ஒருவர், மிகுந்த குருதிப் போக்கினால் நினைவிழந்து, சில வாரங்களில் மாண்டார். அறுவைக் கூடத்தின் ஒளிப்பதிவை அவருடைய தாய் பெற்று, திரும்பத் திரும்பப் பார்த்தார். தலைமை மருத்துவர் பாதியில் வேறு நோயாளியிடம் சென்றதும், மகன் கவனிப்பாரின்றிக் கிடந்ததும் அதில் தெரிந்தன. அத்தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். அறுவைக் கூடங்களில் ஒளிப்பதிவுக் கருவி வைக்க வேண்டும் என்னும் சட்டம் 2021இல் நிறைவேறி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நெடுந்தொலைவு போக வேண்டா. 2024 பிப்ரவரியில் ஐதராபாத்தில், மணநாள் குறித்திருந்த 28 வயது இளைஞர் ஒருவர், புன்னகையை அழகுபடுத்தும் பல் சிகிச்சையின்போது இறந்தார். இவை அரிதாக நிகழ்வனவே. ஆனால் நோயைத் தீர்ப்பதற்காக ஏற்கும் ஆபத்தும், நோயில்லாத உடல்மீது வலிய ஏற்கும் ஆபத்தும் ஒரே தராசில் நிற்பன அல்ல.

கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தன் என்ற முறையில் மற்றொன்றும் கூறுவேன். அயல்நாட்டு மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் இடுகிறோம். அதன் மொழி நமக்குத் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் ஆளாகவே இருப்பார். வீக்கம் முழுதும் வடியப் பல மாதங்கள் ஆகும். விடுப்போ சில வாரங்கள். ஊர் திரும்பிய பின் உதடு மரத்தால், தகடு உறுத்தினால், யாரிடம் முறையிடுவது? எந்த மன்றத்தின் வாயிலில் நிற்பது? படித்துப் பாராமல் இடும் கையொப்பத்தால் நேரும் துன்பத்தை அலுவலகத்தில் காகிதத்தில் காண்கிறோம். அங்கே அது எலும்பில் எழுதப்படுகிறது. எலும்பு முடியைப் போல மீண்டும் வளராது.

இவ்விடத்தில் எங்கள் ஊர்ப் பெருமாளை நினையாதிருக்க இயலவில்லை. திருவேங்கடமுடையானின் மோவாயில் பச்சைக் கற்பூரம் வெண்மையாகத் துலங்குவதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். இராமானுசரின் கட்டளையை ஏற்று மலைமேல் மலர்த்தொண்டு செய்யச் சென்றவர் அனந்தாழ்வான். நந்தவனத்திற்கு நீர்நிலை தோண்டியபோது, கருவுற்றிருந்த அவருடைய மனைவி மண் சுமந்தார். அவர் தளர்வதைக் கண்டு ஒரு சிறுவன் கூடையை வாங்கிச் சுமந்தான். தம் தொண்டில் பிறர் பங்கு கொள்வதைப் பொறாத அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. சிறுவன் ஓடி மறைந்தான். கருவறையில் பெருமாளின் மோவாயில் குருதி வழிந்தது. புண்ணை ஆற்றக் கற்பூரம் சாத்தினர். இது தலத்தின் வரலாறு. அக்கடப்பாரை இன்றும் கோயிலின் பெருவாயிலில் தொங்குகிறது.

வேண்டியிருந்தால் அவ்வடுவை ஒரு நொடியில் மாற்றிக்கொள்ள இறைவனுக்கு இயலாதா? அவன் மாற்றிக்கொள்ளவில்லை என்பதே கதையின் உயிர். களைத்த ஒரு பெண்ணின் சுமையை வாங்கியதற்குக் கிடைத்த அடையாளம் அது. ஆனால் இக்கதையை அந்த இளம்பெண்ணுக்குக் கூறி, 'பார், பெருமாளே வடுவோடு நிற்கிறார்' என்று அறிவுரை வழங்க நான் துணியேன். பெருமாளைப் பெண்பார்க்க எவரும் வருவதில்லை. கதையை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். வடுவுள்ள மோவாயைக் கண்டு மலைமேல் கன்னத்தில் போட்டுக்கொள்கின்ற நாம், மலையிறங்கி வந்ததும் ஒரு பெண்ணின் மோவாயைப் பற்றி முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொள்கிறோம். இது எவ்வகைப் பக்தி?

அரசுப் பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் பணிப்பதிவேட்டில் அங்க அடையாளம் எழுதும் பத்தி ஒன்று உண்டு. அதில் அழகிய கண், எடுப்பான மூக்கு என்று எவரும் எழுதுவதில்லை. இடக் கன்னத்தில் மச்சம், மோவாயில் வெட்டுத் தழும்பு என்றே எழுதுகிறோம். கோடிப் பேரிலிருந்து ஒருவரைப் பிரித்தறிய உதவுவது அழகன்று; பிறரைப் போல் இல்லாத ஏதோ ஒன்று.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் தனியே ஒரு பொருள் உண்டு. சித்தூர்த் தமிழரின் கதை சற்றே விந்தையானது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911இல் அமைந்த இம்மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960இல் திருத்தணி தமிழகத்திற்குத் திரும்பியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எங்களுள் பலர் ஊர் பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. நீங்களோ கடலும் மலையும் கடந்து சென்றீர்கள். எவ்வாறாயினும், பிள்ளைகளின் பள்ளியில் மொழி மெலிந்தது. உணவும் உடையும் மாறின. எவ்வெல்லையிலும் எவரும் கேளாமல் நம்மோடு வந்தது முகம் ஒன்றே. பாட்டியின் நிழற்படத்தைப் பேத்தியின் அருகில் வைத்தால், தமிழ் எழுதத் தெரியாத பேத்தியின் தாடையில் பாட்டி இருக்கிறாள். அதற்காகப் பேத்தி துன்புற வேண்டும் என்பதன்று. அதனைக் களையுமுன் அங்கே இருப்பவர் யார் என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும்.

எனவே, இத்தகைய எண்ணத்தோடு வரும் பிள்ளைகளிடம் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுமுன் மூன்றைக் கேட்கலாம். உண்ணவும், உறங்கவும், மூச்சுவிடவும், பேசவும் தடையுண்டா? உண்டெனில் அது நோய்; வேலூரிலும் சென்னையிலும் நம் மொழியிலேயே பேசி மருத்துவம் பெறலாம்; தயங்க வேண்டா. தடையில்லையெனில், ஆளில்லாத தீவில் தனித்து வாழ நேர்ந்தாலும் இதனைச் செய்துகொள்வாயா? 'செய்துகொள்ளேன்' என்று விடை வந்தால், மாற வேண்டியது எலும்பன்று என்பது அவர்களுக்கே விளங்கும். அதன் பின்னும் மனம் அதிலேயே நின்றால், உதடு மரத்துப் போனாலும் இம்முடிவுக்காக வருந்தமாட்டாயா? மூன்றையும் ஆண்டொன்று ஆறப்போட்டு எண்ணிய பின்னும் துணிவாராயின், அது அவர்கள் முகம், அவர்கள் உரிமை. உடன் சென்று மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருப்பதே நம் கடமை.

ஆனால் பிள்ளைகளிடம் கேட்குமுன் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உருவத்தைக் கண்டு எள்ளலாகாது என்பதற்கு, பெருந்தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியை வள்ளுவர் சான்று காட்டினார். அதனைச் சங்கக் கூட்டத்தில் முழங்குவோர், அடுத்த திருமண வீட்டில் எந்தப் பெண்ணின் நிறத்தையும், எந்தப் பையனின் தாடையையும் பற்றி வாய் திறவாதிருக்கட்டும். சியோலுக்கு விமானச் சீட்டு வாங்கும் பணத்தில் ஒரு பங்கு நம் நாவு கொடுத்த கடன். கத்தி வைத்துக்கொள்வதா, வேண்டாவா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அம்முடிவை நம் நாவு முன்னதாகவே எழுதிவிடாதிருந்தால் போதும்.