கிட்டங்கியில் ஒரு கிழிந்த மூட்டை

 

காலையில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கடையைத் திறக்கிறோம். கிட்டங்கியில் அடுக்கி வைத்த அரிசி மூட்டைகளில் ஒன்று அடிப்பக்கம் கிழிந்து கிடக்கிறது. தரையெல்லாம் அரிசி, அதன் நடுவே எலிப் புழுக்கை. இப்பொழுது நாம் செய்வது என்ன? சிந்தியதை அள்ளி உள்ளே போட்டு, கோணியூசியால் தைத்து, கிழிசல் தெரியாமல் திருப்பி வைத்து விடுகிறோமா? அதை வாங்கிப் போகிறவர் தோட்டத்துத் தொழிலாளியாக இருக்கலாம். அவர் மூட்டையைப் புரட்டிப் பார்ப்பதில்லை. நம் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்.

நம் மலாக்காவில் எலிக்குப் பஞ்சமில்லை. அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைப் பழம் எலிக்கு நல்விருந்து. அதனாலேயே எலி பிடிக்கும் ஆந்தைகளுக்குத் தோட்டங்களில் கூண்டு கட்டி வைக்கிறார்கள். பட்டணத்திலோ பழைய கடைவீடுகளும் பின்சந்துச் சாக்கடைகளும் எலிக்கு அரண்மனை.

மலாய்க்காரர்கள் ‘கென்சிங் திக்குஸ்’ என்று சொல்லும் எலிச் சிறுநீர் நோயை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் 1920களிலேயே இதை மலாயாவில் கண்டறிந்து எழுதினார். கிருமி எலியின் சிறுநீரகத்தில் வாழ்கிறது. எலிக்கோ ஒன்றும் நேர்வதில்லை. சிறுநீர் வழியே வெளிப்பட்டு, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பல வாரங்கள் உயிரோடிருந்து, காலிலுள்ள சிறு காயம் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ மனிதனுக்குள் புகுகிறது. கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். டெங்கி என்று மயங்குவதும் உண்டு. முற்றினால் மஞ்சள் காமாலை கண்டு, சிறுநீரகம் பழுதாகி, உயிரையே பறிக்கும். உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்நோய் காண்பதாகவும், ஏறக்குறைய 59,000 பேர் மடிவதாகவும் 2015இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. மலேசியாவில் 2010 டிசம்பர் முதல் இது அரசுக்கு அறிவிக்கப்படவேண்டிய நோயாகும்.

“அரிசி வெந்துவிட்டால் கிருமி செத்துவிடுமே” என்று நம்மில் ஒருவர் வாதிக்கலாம். மெய்தான். ஆனால் மூட்டை சுமந்த கை வேகவில்லையே! ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று சரக்கு இறக்கிய பையனின் கால் வேகவில்லையே! மேலும், நோய் வந்தால்தான் மோசடியா? எம்பெருமானார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். அடியில் ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அருளினார்கள். அந்த ஈரத்தால் எவரும் நோயுற்றதாக ஹதீஸில் இல்லை. மறைத்ததே குற்றமாயிற்று. நம் கிழிந்த மூட்டைக்கும் அதே தீர்ப்புத்தான். வாங்குகிறவர் எம்மதத்தவராயினும் தீர்ப்பு மாறாது.

இன்னொருவர், “நோயும் சாவும் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும்?” என்பார். ஹலரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் செல்லும் வழியில், அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதைக் கேட்டு ஸர்கு என்னுமிடத்திலிருந்து திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்றார்கள். தவக்குல் என்பது சோம்பலுக்கு வைத்த பெயரன்று.

இரவில் பாத்திரங்களை மூடுங்கள், விளக்கை அணையுங்கள், எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று நம் நபியவர்கள் எச்சரித்தார்கள். எலியின் கேட்டை உறங்கப் போகுமுன் எண்ணிப் பார்ப்பதும் ஸுன்னத்தான நடையே அன்றோ!

ஆகவே சகோதரர்களே, மூட்டைகளைப் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவோம். விரல் நுழையும் ஓட்டையையும் அடைப்போம். எச்சிற் சோற்றைப் பின்சந்தில் கொட்டாதிருப்போம். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காமல், குளோரின் கலந்த நீரால் நனைத்துத் துடைப்போம். சாக்கடை கழுவும் சிப்பந்திக்குப் பூட்ஸும் கையுறையும் வாங்கித் தருவோம். அவனுக்குக் காய்ச்சல் கண்டால் கடைவேலையைக் காரணம் காட்டி நிறுத்தி வைக்காமல், அன்றே கிளினிக்குக்கு அனுப்பி, எலி நடமாடும் இடத்தில் வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லச் சொல்வோம். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், குணமாகும். எலியைக் கொல்ல மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் பசைப் பலகையில் ஒட்டி நாள் முழுதும் துடிக்கவிட அனுமதிக்கவில்லை.

கிழிந்த மூட்டையை எறிந்தால் சில வெள்ளிகள் நஷ்டம். அது இன்றைய பேரேட்டில் செலவாக நிற்கும். தைத்து விற்றாலோ இன்று லாபமாக நிற்கும். மறுமையின் பேரேட்டில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை நாமே எண்ணிக்கொள்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் வாணிபத்தில் பரக்கத்தையும், எங்களை நம்பி வாங்குவோர் வீடுகளில் ஆரோக்கியத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.