வந்ததை அனுப்பினேன்

யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் 'சிம்பாலிக் லிங்க்' என்று ஒரு சமாசாரம் உண்டு. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-ல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி.யில் வந்தது. குட்டி ஃபைல். உள்ளே சரக்கு எதுவும் கிடையாது. 'நீ தேடுவது இன்ன இடத்தில் இருக்கிறது' என்று ஒரு விலாசம் மட்டும். வீடு மாறிப் போகிறவர்கள் பழைய கதவில் ஒட்டிவிட்டுப் போகும் சீட்டு மாதிரி.

லிங்க்கைத் திற என்றால் கணிப்பொறி சீட்டைப் பார்த்துவிட்டு நேராகப் புது விலாசத்துக்குப் போய், அங்கே இருப்பதைத் திறந்து தரும். நடுவில் சீட்டு இருந்ததே உங்களுக்குத் தெரியாது. சீட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தனியாக ஒரு அழைப்பு உண்டு: ரீட்லிங்க். இதுவும் அதே 4.2-வில் பிறந்ததுதான்.

ரீட்லிங்க் ஒரு விநோத ஆசாமி. எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிக்கும். அந்த விலாசத்தில் வீடு இருக்கிறதா, இடித்துவிட்டார்களா? 'அதெல்லாம் எனக்குத் தெரியாது ஸார்.' தன்னையே சுட்டும் லிங்க்கூட உண்டு. அதைத் திறக்கப் போனால் லினக்ஸ் 40 தாவல்களோடு கை விரித்துவிடும். ரீட்லிங்க் அலட்டிக்கொள்ளாமல் விலாசத்தைச் சொல்லும்.

இன்னொரு குணம். நீங்கள் நீட்டும் பாத்திரம் சின்னதாக இருந்தால், விலாசத்தைப் பாதியில் வெட்டிவிடும். தப்பு என்று கத்தாது. இத்தனை எழுத்து போட்டேன் என்று எண்ணிக்கை மட்டும் தரும். பாத்திரம் விளிம்புவரை நிரம்பியிருந்தால் சந்தேகப்பட்டு, பெரிய பாத்திரத்தோடு மறுபடி கேட்க வேண்டியது உங்கள் பாடு.

இது நேர்மையா, பொறுப்பில்லாத்தனமா?

நேர்மைதான் என்பேன். 'இப்படி எழுதியிருக்கிறது' என்பது வேறு, 'இப்படி இருக்கிறது' என்பது வேறு. ரீட்லிங்க் முதலாவதை மட்டுமே சொல்கிறது. அதுவும் கேட்டவருக்கு மட்டும்.

நாம் அப்படியா? 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸப்பில் பரவிய வதந்தியால் இந்தியாவில் பல ஊர்களில் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். அனுப்பிய ஒவ்வொருவரும் 'வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதானே' என்று சொல்லிக்கொள்ள முடியும். ரீட்லிங்க்கும் அதைத்தானே செய்கிறது என்று வாதாடவும் முடியும்.

செல்லாது. நாம் கேட்காதவர்களுக்கும் சொல்கிறோம். 'என்று எழுதியிருக்கிறது' என்ற வாலை நறுக்கிவிட்டுச் சொல்கிறோம். வாலில்லாத செய்தி, பார்த்த சாட்சி மாதிரி ஆகிவிடுகிறது. பாதி வெட்டுப்பட்டு வந்ததா என்றும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு இயந்திரம் சரிபார்க்காமல் ஒப்பிக்கலாம். ஏனென்றால் சரிபார்க்க வேண்டியவர் அதைக் கேட்டவர். கேட்டவரும் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டால், அந்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க யார்தான் மிச்சம்?