பெயர் தெரியாத காவல்காரன்



சென்ற மாதம் நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாக உழைத்து, 2010-ல் ஓய்வு பெற்றவர். அவர் சபையில் எழுந்து நின்று நீண்ட சாட்சி சொன்னதை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அடக்க ஆராதனைக்குப் பிறகு அவர் வீட்டில் நான் கேட்ட சாட்சிகள் என்னை உடைத்துவிட்டன.

கீமேன் வேலை என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு, தனக்குக் குறித்த பல கிலோமீட்டர் தண்டவாளத்தை நடந்தே பார்க்க வேண்டும். ரயில் ஓடும் அதிர்ச்சியில் தளர்ந்த சாவிகளைத் தட்டி இறுக்க வேண்டும். போல்ட் கழன்றிருக்கிறதா, தண்டவாளத்தில் விரிசல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஆபத்து கண்டால் வண்டியை நிறுத்த வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் இதற்கு விலக்கு கிடையாது.

நம் பகுதிப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். 1956 நவம்பர் 23 அதிகாலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் மரித்துப்போனார்கள். அன்றைய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அப்போது நம் சகோதரர் சிறு பிள்ளை. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர். "பாதைய பாக்காம விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்யா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

தேவ ஜனமே, இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். 2008-ல், நான் ஊழியத்துக்கு வந்த புதிது. அவருக்கு வார ஓய்வு ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. அதனால் பல ஞாயிறுகள் அவர் இடம் காலியாகவே இருக்கும். ஒருநாள் நான் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே, "தேவனைவிட சம்பளத்தை நேசிக்கிறவர்கள் நம் மத்தியில் உண்டு" என்று பிரசங்கபீடத்திலிருந்து பேசினேன். அவருடைய மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது அந்தத் தாயார் சொன்னார்கள்: "அன்னைக்கு வீட்டுக்குப் போய் அவர்கிட்ட அழுதேன்யா. அவர் கோபப்படல. 'தம்பி சின்ன வயசு, வைராக்கியத்துல பேசிட்டார். நாம அவருக்காக ஜெபம் பண்ணுவோம்'னு முழங்கால் போட்டுட்டார்."

எனக்கு விரோதமாக ஒரு வார்த்தை பேசாமல், எனக்காக முழங்காலில் நின்ற மனிதனையா நான் நியாயந்தீர்த்தேன்!

மகள் சொன்னாள்: "சம்பளம் வாங்குனதும் அப்பா முதல்ல தசமபாகத்த எடுத்து வைப்பாங்க. மீதிய அப்படியே அம்மா கையில கொடுப்பாங்க. இறந்துபோன சித்தப்பாவோட ரெண்டு பிள்ளைங்களையும் எங்களோட சேத்துத்தான் படிக்க வச்சாங்க."

மகனோ முதலில் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "எனக்கு அப்பா மேல கோபம் இருந்துச்சுங்கய்யா. ஸ்கூல் விழா ஒண்ணுக்குக்கூட வந்ததில்ல. ஒருநாள் லீவுல அவர்கூட பாதையில நடந்தேன். ரயில் வந்துச்சு, ஒதுங்கி நின்னோம். ஜன்னல்ல பிள்ளைங்க கையசைச்சாங்க. 'இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?'ன்னேன். 'தெரியாது. யாரோ பெத்த பிள்ளைங்கதானேப்பா'ன்னார். ரிட்டையர் ஆன அன்னைக்கு என் கையப் பிடிச்சு, 'உன்கூட இருக்க முடியாமப் போச்சு, மன்னிச்சுக்கோ'ன்னு அழுதார். அன்னையோட என் கோபம் போயிடுச்சு."

பிரியமானவர்களே, மரியாளின் புருஷனாகிய யோசேப்பை நினைத்துப் பாருங்கள். அவன் பேசிய ஒரு வார்த்தைகூட சுவிசேஷங்களில் எழுதப்படவில்லை. ஆனால் அவன் நீதிமான் என்று வேதம் சாட்சி கொடுக்கிறது (மத். 1:19). எச்சரிப்பு வந்த இரவிலே எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனான் (மத். 2:14). நம் ஆண்டவரையே ஜனங்கள் தச்சனுடைய குமாரன் என்றுதானே சொன்னார்கள்! (மத். 13:55). அப்போஸ்தலனாகிய பவுலும் கூடாரம் பண்ணுகிற தொழில் செய்தான் (அப். 18:3). கையில் காய்ப்பு உள்ளவனை தேவன் ஒருபோதும் அற்பமாய் எண்ணுகிறதில்லை. அல்லேலூயா!

தகப்பன்மாரே, உங்கள் உழைப்பு ஆராதனைக்கு விரோதமானதல்ல. ஆனால் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க ஓய்வு பெறும் நாள்வரை காத்திருக்காதிருங்கள். பிள்ளைகளே, தகப்பன் உயிரோடிருக்கும்போதே ஒருநாள் அவரோடு நடந்துபோய் அவருடைய பாரத்தைப் பாருங்கள். ஊழியக்காரரே, காலியான இடத்தைக் கண்டால் பேசுவதற்கு முன்பு விசாரியுங்கள்.

அந்தத் தாயாரிடம் பிள்ளைகளுக்கு முன்பாக நான் மன்னிப்புக் கேட்டேன். சபை நடுவே சொன்ன வார்த்தைக்கு சபை நடுவேதான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆகவே இதை எழுதுகிறேன். ஞாயிறு வேலைக்குப் போகிறவர்களுக்காக இனி வியாழன் மாலையில் ஆராதனை நடக்கும். அவர்கள் வெட்கமின்றி வரட்டும்.

ஜெபிப்போம்: அன்புள்ள பிதாவே, மறைவில் உழைத்த உம்முடைய பிள்ளைக்காக ஸ்தோத்திரம். மனிதர் அறியாத பெயரை நீர் அறிந்திருக்கிறீர். எங்கள் நாவைக் காத்துக்கொள்ளும். எங்கள் வீடுகளில் தகப்பன்மாரின் இருதயத்தைப் பிள்ளைகளிடத்திற்கும், பிள்ளைகளின் இருதயத்தைத் தகப்பன்மாரிடத்திற்கும் திருப்பும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.