லாபத்தைச் சபையில் வைக்கலாமா?

மும்பைப் பங்குச் சந்தை பிற்பகல் மூன்றரை மணிக்கு மூடும்போது சிங்கப்பூரில் மாலை ஆறு மணி ஆகிறது. மார்சிலிங் ரயில் நிலையத்தருகே வேலை முடிந்து திரும்பும் தமிழ் இளைஞர்கள் கைபேசியைத் திறக்கும் நேரமும் அதுவே. முன்பின் அறியாத யாரோ ஒருவர், அன்று தாம் ஈட்டிய தொகையைப் பச்சை எழுத்தோடு படம் பிடித்து உலகோர் காண வைத்திருப்பார். "அண்ணே, ஒரே நாள்ல நாலு லட்சம்!" என்று ஓர் இளைஞர் பக்கத்திலிருப்பவரிடம் அதைக் காட்டும்போது அவர் குரலில் ஒலிப்பது வியப்பா, ஏக்கமா என்று பிரித்தறிவது எளிதன்று.

வியாபாரி தன் லாபத்தை இவ்வாறு ஊரறியச் சொல்வது தர்மத்துக்கு உடன்பாடானதா? கண்ணேறு படும் என்று நம் பாட்டிமார் ஒரே வார்த்தையில் விடை கூறிவிடுவார்கள். அந்த விடையை நான் இகழ மாட்டேன். ஆயினும், பார்க்கிறவனுடைய கண்ணைக் குற்றம் சொல்லிவிட்டுக் காட்டுகிறவனுடைய கையை அது விட்டுவிடுகிறது.

இதே நகரத்தில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில், ஒரே கூடத்தில் பெட்டியோடு பெட்டி நெருங்கியிருக்கத் தரையில் அமர்ந்து லேவாதேவி செய்த நகரத்தார் இந்தக் கேள்விக்கு நடைமுறையில் ஒரு விடை வைத்திருந்தார்கள். பலரும் அறியவேண்டியதைப் பலரறியச் சொன்னார்கள். ரங்கூனில் அவர்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி, முருகன் சந்நிதியில் வட்டி விகிதத்தை நிர்ணயித்தது அதற்குச் சான்று. ஆனால், இன்ன கடைக்கு இவ்வளவு ஆதாயம் என்பது பேரேட்டுக்குள் அடங்கிய விஷயம். கடையை நடத்துபவனுக்கு அப்பால் அதை அறிய உரிமையுள்ளவர்கள் இருவரே: செட்டிநாட்டிலிருந்த முதலாளி, மகமை பெறும் ஆண்டவன். 1859-இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிய அந்தச் சமூகம், செல்வத்தைக் கோயிலாகவும் அன்னதானமாகவும் பிறர் காணச் செய்ததேயன்றி ஐந்தொகையாகக் காணச் செய்ததில்லை. மேலும், கடல் கடந்து வந்த மேலாள் பொதுவாக மூன்றாண்டுத் தவணை முடித்த பின்னரே கணக்கை ஒப்புவித்து லாபத்தில் தன் பங்கைப் பெற்றான். இடையில் ஒரு நாள் வந்த பெரும் வரவு அவர்கள் கணக்கில் வெறும் வரவு. லாபமென்ற பெயர், கணக்கு முடிந்தபின் நின்றதற்கே உண்டு.

இந்த மூன்றாண்டு அளவுகோலைத் தற்செயலாக இன்றைய அரசு அமைப்பொன்றும் கையில் எடுத்திருக்கிறது. இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அத்தனை பேருடைய கைபேசியிலும் பச்சை நாட்கள் சில இருந்திருக்கும். 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் பயிற்சி நடத்திய ஒருவர்மீது 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு, லாபம் தந்த வணிகங்களையே அவர் காட்டினார் என்றும், அவருடைய சொந்தக் கணக்கிலோ இரண்டரை ஆண்டுகளில் சுமார் 2.89 கோடி ரூபாய் நஷ்டம் இருந்தது என்றும் கூறிற்று. காட்டிய எண் ஒவ்வொன்றும் மெய்யாக இருந்தும் காட்சி முழுவதும் பொய்யாகிவிடுகிற விசித்திரம் இது. வாய்மை என்பது சொல்லின் குணம் மட்டுமன்று, கேட்பவன் மனத்தில் அச்சொல் எழுப்பும் எண்ணத்தின் குணமுமாகும் என்று கொண்டால், நஷ்டத்தை மறைத்த லாபம் அசத்தியத்தின் கணக்கிலேயே எழுதப்படவேண்டும்.

அப்படியானால் நஷ்டத்தையும் சேர்த்து, கட்டணம் எதுவும் கேளாமல், பேரேடு முழுவதையும் ஒருவர் விரித்து வைத்தால்? அதனை வித்தியாதானம் என்று ஏற்பதில் எனக்குத் தடையில்லை; தோற்ற கதையைத் தேதியோடு சொல்லும் வியாபாரி, கற்கவரும் இளைஞனுக்கு எந்தப் பயிற்சி வகுப்பைக் காட்டிலும் உபகாரம் செய்கிறான்.

ஆயினும் அந்த உத்தமனுக்கும் ஓர் இடர் காத்திருக்கிறது. தினந்தோறும் தன் கணக்கை எதிர்பார்த்து ஆயிரம் பேர் அமர்ந்திருக்க, அவன் சந்தையைப் பார்ப்பதை விட்டுச் சபையைப் பார்க்கத் தொடங்குவான். பலனில் பற்றின்றிக் கர்மத்தைச் செய் என்ற கீதையின் உபதேசம் லாபத்தைப் பற்றியது மட்டுமன்று; கைதட்டலும் ஒரு பலனே, அதன் மீதுள்ள பற்று பணப்பற்றைவிடச் சூக்ஷ்மமானது. சும்மா இருத்தலைப் பெரும் பேறாகக் கொண்டாடியது நம் சமயம். வியாபாரத்திலும் சும்மா இருப்பதே அறிவாகிய நாட்கள் உண்டு என்பதைப் பழைய கடைக்காரர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால், வாங்காமலும் விற்காமலும் கழிந்த ஒரு நாளைப் படம் பிடித்து யாரும் சபையில் வைத்ததை நான் இதுவரை கண்டதில்லை.